திசையன் புல வரைபடம்

திசையன் புல வரைபடம் என்பது ஒரு தளத்தின் பல புள்ளிகளில் உள்ள திசையன்களின் பருமனையும் திசையையும் அம்புக்குறிகளால் காட்டும் படம் ஆகும். காற்றோட்டம், நீரோட்டம், மின்புலம், வகைக்கெழுச் சமன்பாடுகளின் தீர்வுகள் முதலியவற்றை விளக்க இது பயன்படுகிறது. அம்பின் நீளம், அச்சுகளின் அளவுத்திட்டம், படத்தின் உருவளவு ஆகியவை பொருந்தாவிடில், கணக்கு சரியாக இருந்தாலும் படம் தவறான பொருளைத் தரும்.

அம்பின் நீளம்

அச்சுகள் தொலைவைக் குறிக்கையில், அம்பின் நீளம் திசைவேகம் போன்ற வேறொரு கணியத்தைக் குறிக்கலாம். எனவே ஒரு மாற்றுக் காரணி தேவைப்படுகிறது. எடுத்துக்காட்டாக, இரு அச்சுகளிலும் −2 முதல் 2 வரை 0.2 இடைவெளியில் 441 புள்ளிகள் உள்ளன எனக் கொள்க. ஒவ்வொரு திசையனும் ஆரத்துக்குச் செங்குத்தாகவும், மையத்திலிருந்து உள்ள தொலைவுக்குச் சமமான பருமன் உடையதாகவும் இருப்பின், மூலையில் அதன் பருமன் ஏறத்தாழ 2.83 ஆகும். இது புள்ளி இடைவெளியைப் போல் 14 மடங்கு. அப்படியே வரைந்தால் அம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். எல்லா நீளங்களையும் 14 ஆல் வகுத்தால் படம் தெளிவாகும்.

அச்சுகளின் அளவுத்திட்டம்

சதுரச் சட்டம் ஒன்றில் கிடையச்சு 0 முதல் 10 வரையும் நிலையச்சு 0 முதல் 2 வரையும் இருந்தால், நிலையச்சின் ஓர் அலகு கிடையச்சின் ஓர் அலகைப் போல் 5 மடங்கு நீளமாகத் தெரியும். (1, 1) என்னும் திசையனைத் திரைக் கோணப்படி வரைந்தால் அது 45° சாய்ந்திருக்கும். அச்சு அளவுகளின்படி வரைந்தால் ஏறத்தாழ 78.7° சாய்ந்திருக்கும். துகளின் பாதையைக் காட்டும் படங்களில் இரண்டாம் முறையே ஏற்றது. அப்போதுதான் அம்புகள் பாதைக்குத் தொடுகோடாக அமையும். இரு அச்சுகளுக்கும் ஒரே அளவுத்திட்டம் இருந்தால் இவ்வேறுபாடு மறையும். சரிவுத் திசையன் சமமதிப்புக் கோட்டுக்குச் செங்குத்து என்பதைக் கண்ணால் காணவும் சம அளவுத்திட்டம் தேவை.

படத்தின் உருவளவு

சம அளவுத்திட்டத்தில், சட்டத்தின் அகல உயர விகிதம் வரையும் பகுதியின் விகிதத்தை ஒட்டி இருத்தல் நன்று. இல்லையேல் வெற்றிடம் மிகும். அங்குலத்துக்கான படப்புள்ளிகளைக் கூட்டினால் படத்தின் நுணுக்கம் மட்டுமே கூடும். அம்புகளுக்கு இடையே இடம் கிடைக்காது. அதற்கு அங்குல அளவைக் கூட்டவோ புள்ளிகளைக் குறைக்கவோ வேண்டும். முடிந்த படத்தை ஆவணத்தில் ஒரு பக்கமாக மட்டும் இழுத்தால் கோணங்கள் மீண்டும் திரியும்.

மென்பொருள்களில்

ஜான் ஹன்டர் உருவாக்கி 2003 இல் வெளிவந்த மேட்பிளாட்லிப், மேட்லேப் ஆகிய இரண்டிலும் இதற்கான கட்டளை 'குவிவர்' ஆகும். இது அம்பறாத்தூணியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். மேட்பிளாட்லிப்பில் அளவுக் காரணி வகுக்கும் எண். அதைக் கூட்டினால் அம்பு குறுகும். மேட்லேப்பில் அது பெருக்கும் எண். கூட்டினால் அம்பு நீளும். மேட்பிளாட்லிப் இயல்பாகத் திரைக் கோணத்தையே பயன்படுத்துகிறது.

காரணியைத் தராவிடில் இரு மென்பொருள்களும் தாமே ஒன்றைத் தெரிவு செய்யும். அப்போது வேறுவேறு தரவுகளுக்கு வரைந்த இரு படங்களின் அம்பு நீளங்களை ஒப்பிட இயலாது. ஒப்பிட வேண்டிய படங்களுக்கு ஒரே காரணியைத் தந்து, அளவு குறிப்பிட்ட மாதிரி அம்பு ஒன்றையும் ஒவ்வொரு படத்திலும் சேர்க்க வேண்டும்.