தனித்தியங்கும் பொறிக் கட்டுப்பாட்டு அலகு

தனித்தியங்கும் பொறிக் கட்டுப்பாட்டு அலகு என்பது, தானுந்தில் தயாரிப்பாளர் பொருத்திய பொறிக் கணினிக்குப் பதிலாகப் பயன்படும், அளவுருக்களைப் பயனரே மாற்றியமைக்கக்கூடிய மின்னணுக் கருவி ஆகும். தானுந்தின் பொறியை நீக்கி வேறொரு பொறியைப் பொருத்தும்போது இது பெரிதும் பயன்படுகிறது. எவ்வளவு எரிபொருள் தெளிப்பது, எப்போது தீப்பொறி உண்டாக்குவது என்பவற்றை இது ஒவ்வொரு சுழற்சியிலும் கணிக்கிறது. இக்கணிப்பு பிழைத்தால் பொறியே பழுதாகக்கூடும்.

தேவை

தயாரிப்பாளரின் அலகு ஒரு குறிப்பிட்ட தானுந்துக்கென்றே நிரலாக்கப்பட்டது. பல அலகுகள், திருட்டுத் தடுப்புச் சாவியின் குறியீடு கிடைக்காவிட்டால் பொறியை இயங்க விடுவதில்லை. எனவே பொறி மாற்றுவோர், பொறியுடன் வந்த அலகின் நிரலை மாற்றிப் பயன்படுத்துவர், அல்லது தனித்தியங்கும் அலகைப் பொருத்துவர். ஆத்திரேலியாவின் மோட்டெக், ஹால்டெக் ஆகியன இவ்வலகுகளைத் தயாரிக்கும் நிறுவனங்களுள் சில. புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ ஆகியோர் 2001 அளவில் உருவாக்கிய மெகாஸ்குவர்ட், பயனர் தாமே பற்றவைத்துச் செய்துகொள்ளக்கூடிய அலகாகப் புகழ்பெற்றது. ஸ்பீடுயினோ திறந்த மூல அலகு ஆகும்.

கிராங்க் தண்டின் நிலை

தீப்பொறிக்கான நேரத்தை அறிய, கிராங்க் தண்டுடன் சுழலும் பற்சக்கரத்தை ஓர் உணரி கவனிக்கிறது. பரவலான ஒரு வகையில் 60 பற்களுக்கான இடத்தில் 2 பற்கள் விடப்பட்டிருக்கும். ஒரு பல்லுக்கு 6 பாகை. இடைவெளி வரும்போது தண்டின் நிலை தெரிகிறது. நான்கடிப் பொறியின் சுழற்சி 720 பாகை, அதாவது இரு சுற்றுகள் ஆதலால், அது எந்தச் சுற்று என்பதைக் கேம் தண்டின் உணரி அறிவிக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் பொறிகள், மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற சிறு தானுந்துகளிலும் பொருத்தப்படுகின்றன. 1997 இல் வெளிவந்த எல்எஸ்1 பொறியில் 24 பல் வகைச் சக்கரமும், பின்வந்த நான்காம் தலைமுறைப் பொறிகள் பெரும்பாலானவற்றில் 58 பல் சக்கரமும் உள்ளன. வெளித்தோற்றத்தில் ஒத்த இப்பொறிகளுக்கு அலகில் வெவ்வேறு அமைவுகள் தேவை. தீமூட்டலை 10 பாகை போன்ற ஒரு நிலையில் நிறுத்தி, ஒளிவிளக்கினால் கப்பியின் குறியைப் பார்த்து, திரையில் உள்ள எண்ணும் உண்மைக் கோணமும் ஒன்றா எனச் சரிபார்ப்பது முதற்பணி ஆகும்.

காற்றும் எரிபொருளும்

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. 5.7 லிட்டர், 8 உருளைப் பொறியில் ஓர் உருளையின் கொள்ளளவு சுமார் 0.71 லிட்டர். அது முழுமையாக நிரம்பினால் ஏறத்தாழ 0.85 கிராம் காற்று உள்ளே வரும். அதற்கு 58 மில்லிகிராம் பெட்ரோல் போதும். நிமிடத்திற்கு 6000 சுற்றுகளில் ஒரு சுழற்சிக்குக் கிடைப்பது 20 மில்லிநொடி மட்டுமே.

காற்றின் அளவை, உள்ளெடு குழலின் அழுத்தம், வெப்பநிலை, உருளை நிரம்பும் திறன் ஆகியவற்றைக் கொண்டு அலகு கணிக்கிறது. நிரம்பும் திறன் பொறிக்குப் பொறி மாறும். ஆகவே அதன் அட்டவணையை, புகைக்குழாயில் அகலப்பட்டை ஆக்சிசன் உணரியைப் பொருத்தி அளந்தே நிரப்ப வேண்டும். மிகைச் சுமையில் எரிபொருள் குறைந்தாலோ தீப்பொறி முந்தினாலோ, நாக்கிங் எனப்படும் கட்டுப்பாடற்ற எரிவு நேர்ந்து பிஸ்டன் உருகலாம். அதனால் தொடக்கத்தில் எரிபொருளைச் சற்று மிகுத்தும், தீப்பொறியைச் சற்றுப் பிந்தியும் வைப்பது வழக்கம்.

தானுந்தின் ஏனைய பகுதிகள்

பொறி ஓடத் தொடங்கியதும் பணி முடிவதில்லை. பாஷ் நிறுவனம் 1986 இல் அறிமுகப்படுத்திய கேன் பிணையத்தின் வழியே, வேகமானி, தானியங்கிப் பல்லிணை, பூட்டாத் தடுப்பு முதலியன பொறியின் செய்திகளை எதிர்பார்க்கின்றன. புதிய அலகு அதே அடையாள எண்களில் செய்தி அனுப்பாவிட்டால் எச்சரிக்கை விளக்குகள் எரியும். சில பகுதிகள் செயலிழக்கும். மின்னணுத் திராட்டிலில், மிதியிலும் அடைப்பிதழிலும் இரட்டை உணரிகள் இருக்கும். அவை முரண்பட்டால் திராட்டில் மூடும்படி அமைக்க வேண்டும். இது பயணிகளின் உயிரைக் காக்கும் அமைவு ஆகும்.

சட்டம்

அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் செயலிழக்கச் செய்வதைத் தடை செய்கிறது. கலிபோர்னியாவில் பொருத்தப்படும் பொறி, தானுந்தின் ஆண்டையோ அதற்குப் பிந்தையதையோ சேர்ந்ததாக இருத்தல் வேண்டும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணான மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது.

இவற்றையும் பார்க்க

- உள் எரி பொறி
- எரிபொருள் உட்செலுத்தல்
- உணரி