ஒளிப்பட நிலையமும் ஆடல் வரலாறும்: அடையாற்றுப் படங்களை முன்வைத்து

பரதநாட்டிய வரலாற்றை எழுதுவோர் எழுத்துச் சான்று கிட்டாத இடங்களில் ஒளிப்படங்களைத் துணைக்கொள்வது வழக்கம். அரைமண்டியின் ஆழம், கையின் நீட்சி, ஆடை, அணிகலன் ஆகியவற்றுக்கு அவை நேரடிச் சான்றாகவே காட்டப்படுகின்றன. ஆனால் நிலையத்தில் எடுத்த படம் ஆடலின் பதிவு அன்று. ஆடுபவரும் படமெடுப்பவரும் கருவியின் வரம்புக்குள் நின்று சேர்ந்து அமைத்த ஒன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பரவிய ஈரத்தகட்டு முறையில், கண்ணாடியில் கொலோடியன் பூசி அது உலர்வதற்குள் படமெடுத்து உருத்துலக்கியாக வேண்டும். ஒளிபடும் நேரம் பல நொடிகள் வரை நீளும். அதுவரை தலை அசையாதிருக்கப் பின்புறம் இரும்புத் தாங்கி வைப்பதும் உண்டு. அக்காலப் படங்களில் ஆடல்மகளிர் விறைத்து நிற்பதைக் கொண்டு சதிராட்டம் உயிர்ப்பற்றிருந்தது எனத் துணிவது, தகட்டின் குறையை ஆடியவர்மேல் ஏற்றுவதாகும். அவர்களுள் பலருக்கு அப்படங்களில் பெயர்கூட இல்லை; ‘நாட்டியப் பெண்’ என்ற பொதுக்குறிப்பே எஞ்சியுள்ளது.

நிறத்திலும் இதே இடர் உண்டு. பழைய தகடுகள் சிவப்பை உணரா. கெம்புக்கல், குங்குமம், அரக்குநிறப் பட்டு யாவும் அவற்றில் கறுத்தே விழும். எல்லா நிறங்களையும் உணரும் பாங்க்ரோமேட்டிக் படச்சுருளில் எடுத்த பிற்காலப் படத்தோடு இவற்றை ஒப்பிட்டு, ஒப்பனை மாறிற்று என்று வாதிடுமுன் தகட்டின் வகையை அறிந்தாக வேண்டும்.

ருக்மிணி தேவி 1935இல் அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரம் தோன்றியது. அங்கு நெதர்லாந்தைச் சேர்ந்த கான்ராட் வோல்டிரிங்கிடம் ஒளிப்படக்கலை பயின்றவர், செட்டிநாட்டிலிருந்து வந்த சி. நாச்சியப்பன். பின்னாளில் கோவிலூர் மடத்தின் தலைவராக விளங்கியவரும் அவரே. 1940களில் அவர் எடுத்த ருக்மிணி தேவியின் படங்கள் இன்றளவும் மீண்டும் மீண்டும் அச்சாகின்றன. கூலிக்குப் படமெடுக்கும் நிலையத்தாருக்கு வாய்க்காத ஒன்று அவருக்கு வாய்த்தது: நிறுவனத்துக்குள்ளேயே இருந்ததால், எந்த அடவு எங்கே முழுமைபெற்று நிற்கும் என்பதை அவர் அறிந்திருக்க முடிந்தது.

அதே காலத்தில் நியூயார்க்கில் பார்பரா மார்கன் மார்த்தா கிரஹாமைத் தம் நிலையத்தில் மீண்டும் ஆடச்செய்து படமெடுத்து, 1941இல் நூலாக வெளியிட்டார். ஹெரால்டு எட்ஜர்ட்டனின் மின்னணுப் பளிச்சொளியைக் கொண்டு ஜோன் மிலி, ஓர் அசைவின் பல கணங்களை ஒரே படத்தில் அடுக்கிக் காட்டினார். அவர்கள் இயக்கத்தைத் துரத்தினர். அடையாற்றுப் படங்கள் நிலையைத் தேடின. கோயிற் சிற்பத்தை முன்னிறுத்திய சீர்திருத்தத்துக்கு இத்தேர்வு மிகவும் ஒத்துவந்தது. ஆடல் சிற்பத்தைப் போன்றது என்ற எண்ணத்தை வளர்த்ததில் நூல்களுக்குள்ள பங்கைவிட இப்படங்களுக்குள்ள பங்கு குறைவன்று என்பது என் கருத்து.

இதில் விடுபட்டது அபிநயம். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் ருக்மிணி தேவியும் கற்றார், பாலசரஸ்வதியும் கற்றார். ஒரே வரியைப் பலவாறு விரித்து, பார்வையால் பொருளை மாற்றிச் செல்லும் அக்கலை தொடர்ச்சியில்தான் உள்ளது. அதிலிருந்து ஒரு கணத்தை வெட்டியெடுத்தால் அழகிய முகம் கிடைக்கும்; சஞ்சாரி கிடைக்காது. இவ்விருவர் பாணிகளையும் நிலையப்படங்களைக் கொண்டு ஒப்பிடும் ஆய்வுகள், படத்துக்கு எளிதில் அகப்படும் பாணிக்கே சான்று மிகுதி என்பதை முதலில் கணக்கிற் கொள்ள வேண்டும்.