நாலு வாரமும் பத்தொன்பது வருஷமும்

கொல்லிமலைன்னா நம்ம மக்களுக்கு 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாயகங்கை அருவி, அப்புறம் வல்வில் ஓரி. அங்க வாழற மலையாளிப் பழங்குடிகளைப் பத்தி யாரும் பெருசா எழுதறதில்ல. (கேரளாக்காரங்க இல்லீங்க, மலையில வாழறதால அந்தப் பேர்.) கல்வராயன், சேர்வராயன், சித்தேரின்னு பக்கத்து மலைகள்லயும் இதே ஜனங்கதான்.

தெரிஞ்ச சட்டக் கல்லூரிப் பையன் ஒருத்தன், "அண்ணே, உரிமைக்காகப் போராடற அமைப்புல இன்டர்ன்ஷிப் போனா என்ன கத்துக்கலாம்?"னு கேட்டான். பொட்டி தட்டறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது? :-) ஆனா கொஞ்சம் தோண்டிப் பாத்தேன்.

இந்திய பார் கவுன்சிலோட 2008 விதிப்படி மூணு வருஷப் படிப்புக்கு 12 வாரம், அஞ்சு வருஷப் படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப். தொண்டு நிறுவனத்துலயும் செய்யலாம். ஆனா ஒரு வருஷத்துல தொடர்ச்சியா நாலு வாரத்துக்கு மேல கூடாது. 1976-ல எமர்ஜென்சி நேரத்துல ஜெயப்பிரகாஷ் நாராயண் ஆரம்பிச்ச பி.யூ.சி.எல். மாதிரி அமைப்புகள் இருக்கு. சட்ட வகுப்பறைக்கும் இதுக்கும் பழைய உறவும் உண்டு. 1981-ல ஆக்ரா பெண்கள் காப்பகத்தோட நிலைமை பத்தி உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார்னு ரெண்டு பேராசிரியர்கள் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதின கடிதமே மனுவாச்சு.

சரி, நாலு வாரத்துல என்ன கிழிக்க முடியும்?

சித்தேரி மலையடிவாரத்துக்கு வாங்க. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை பதுக்கல்னு சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் வாச்சாத்திங்கற ஊருக்குள்ள புகுந்தாங்க. ஊரே மலையாளிகள். வீடுகளை உடைச்சாங்க, ஜனங்களை அடிச்சாங்க, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செஞ்சாங்க. அரசாங்கம் மறுத்தது.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரங்க ஊருக்குப் போய் ஜனங்களோட பேசித்தான் விஷயம் வெளிய வந்துச்சு. மார்க்சிஸ்ட் கட்சியோட ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் போனார். அங்கிருந்து சென்னை உயர் நீதிமன்றம். 1995-ல சி.பி.ஐ. விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவங்க 269 பேர், எல்லாரும் அரசு ஊழியர்கள்!

எனக்கு மலைப்பா இருக்கறது இந்த 269-தான். "போலீஸ் அடிச்சாங்க"ன்னு பொதுவாச் சொன்னா கோர்ட்ல நிக்காது. யார், எந்த இடத்துல, யாரை, பாத்தது யாரு... ஒவ்வொண்ணும் வேணும். நம்ம பாஷையில சொன்னா லாக் ஃபைல். அது இல்லாம எந்தக் கொம்பனாலயும் டீபக் பண்ண முடியாது. அந்தப் பையன்கிட்ட இதைத்தான் சொன்னேன். கறுப்புக் கோட்டு போட்டு வாதாடறதெல்லாம் அப்புறம். திண்ணையில உக்காந்து பேர், தேதி விடாம எழுதிக்கறதுக்கு நாலு வாரம் தாராளம்.

தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29, தருமபுரியில. சம்பவம் நடந்தப்போ பொறந்த குழந்தை அதுக்குள்ள சட்டக் கல்லூரியிலயே சேர்ந்திருக்கலாம். 54 பேர் விசாரணை முடியறதுக்குள்ள செத்துப் போயிட்டாங்க. மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள்னு நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீடு இன்னும் 12 வருஷம் இழுத்தது. 2023-ல அதே செப்டம்பர் 29 அன்னைக்கு உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செஞ்சு, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் குடுக்கச் சொன்னது.