வயசு போனதா, நடை போனதா?

யாழ்ப்பாணத்தில் கிணற்றில் தண்ணீர் அள்ளி, சந்தைக்குச் சைக்கிளில் போய்வந்த எங்கள் பெற்றோர், கேட்டிக்கு வந்தபின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். கடைக்கும் கோயிலுக்கும் கார். வெளியே வெயில். இரண்டு வருடத்தில் படியேறவே மூச்சு வாங்குகிறது. "வயசு போட்டுது" என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

தசைநார்களைச் சுற்றித் தலைமயிரிலும் மெல்லிய குருதி மயிர்க்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒட்சிசன் தசைக்குள் இறங்குவது இவற்றின் வழியாகத்தான். நடக்கும்போது தசைக்கு ஒட்சிசன் போதாமல் வருகிறது. வேகமாக ஓடும் குருதி குழாயின் உட்சுவரை உரசுகிறது. இவை வீ.ஈ.ஜி.எஃப் என்ற புரதத்தைச் சுரக்கத் தூண்ட, பழைய குழாயிலிருந்து புதிய கிளை முளைக்கிறது. வயது கூட இது மந்தமாகிறது, ஆனால் நின்றுவிடுவதில்லை. அறுபது வயதைத் தாண்டிப் பயிற்சி தொடங்கியவர்களின் தசையிலும் மயிர்க்குழாய்கள் பெருகியிருக்கின்றன.

எமது டெக்சாஸிலேயே இதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. 1966இல் டலஸில் இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தனர். முப்பது வருடம் கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, உடலின் ஒட்சிசன் பயன்படுத்தும் திறனை அந்த மூன்று வாரம் குறைத்த அளவுக்கு முப்பது வருட வயது குறைத்திருக்கவில்லை! பிறகு ஆறு மாதப் பயிற்சியில், வயதால் இழந்த திறன் திரும்பியது. இதயம் பலத்ததால் என்பதைவிட, தசைகள் குருதியிலிருந்து கூடுதலாக ஒட்சிசனை எடுத்துக்கொண்டதாலேயே இது நடந்தது. ஐந்து பேர்தான், எல்லோரும் ஆண்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எலும்பும் குருதியில்லாமல் வளராது. 2014இல் ஜேர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் அஞ்சலி குசும்பே, சரவண ராமசாமி, ரால்ஃப் ஆடம்ஸ் ஆகியோர் எலிகளின் எலும்பில் 'எச் வகை'க் குழாய்களை இனங்கண்டனர். எலும்பை உருவாக்கும் கலங்கள் இவற்றை ஒட்டியே கூடுகின்றன. முதிய எலிகளில் இக்குழாய்கள் அருகிவிடுகின்றன. எலும்புக்குள் குருதியோட்டம் குறைவதும் இதற்கொரு காரணம் என்று 2016இல் காட்டினர். எலியில் கண்டதை அப்படியே அம்மாவுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் எலும்புக்கு உடற்பாரம் காலில் இறங்க வேண்டும் என்பது மனிதரிலும் தெரிந்ததே. நீந்துவதைவிட நடப்பதும் படியேறுவதும் அதற்கு உதவும்.

இருதய வருத்தமோ நீரிழிவோ இருந்தால் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். கோடையில் விடியற்காலையிலோ குளிரூட்டிய கடைத்தொகுதிக்குள்ளோ நடக்கலாம். கதிரையைப் பிடித்து எழுந்து இருப்பதும் பயிற்சிதான். தெருமுனைப் பெட்டியில் தபால் எடுத்துவரும் வேலையையும் அப்பாவிடமே கொடுத்துவிடுவோம்.