ரேடியேட்டர் மூடிக்குள்ள ஒரு சரித்திரம்

எங்க வீட்ல ரொம்ப வருஷம் ஒரு அம்பாசிடர் இருந்துச்சு. தஞ்சாவூர்லேர்ந்து மன்னார்குடி போறதுக்குள்ள ஒரு தடவையாவது கொதிச்சிடும், பெரும்பாலும் வடுவூர் ஏரிக்கிட்ட. வழியெல்லாம் வாய்க்கால், ஊத்தத் தண்ணிக்குப் பஞ்சமில்லை (மேட்டூர் திறந்திருந்தா!). ஒரு மெக்கானிக், ஹெட்டைக் கழட்டணும்னுட்டார். அதுக்கு ஆகிற செலவைக் கேட்டு, வண்டியையே வித்துடலாம்னு அப்பா முடிவு பண்ணிட்டார்.

கடைசி முயற்சியா கீழவாசல்ல ஒரு பெரியவர்கிட்ட காட்டினோம். வண்டி ஆறுற வரைக்கும் தொடவே இல்லை மனுஷன். அப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்து, ரப்பரை நகத்தால சுரண்டிட்டு, "வெயிட் போடாம குக்கர் வெச்சிருக்கீங்க சார்" என்றார்.

அவர் சொன்ன சங்கதி 1679லேயே டெனிஸ் பாப்பினுக்குத் தெரியும். மூடின பாத்திரத்துல அழுத்தம் ஏறினா, தண்ணி கொதிக்கிற சூடும் ஏறும். கார்க்காரங்களுக்கு இது உறைக்க இரண்டரை நூற்றாண்டு ஆச்சு. ஃபோர்டின் டி மாடல்ல (1908-27) பெரும்பாலும் தண்ணி பம்ப்பே கிடையாது. சூடான தண்ணி தானா மேலேறும், ஆறினது கீழிறங்கும். அழுத்தம் இல்லை, அதனால 100 டிகிரியிலேயே கொதி.

நம்ம வயக்காட்டு டீசல் பம்புசெட் இன்னும் எளிமை. இறைக்கிற தண்ணியிலேயே கொஞ்சம் எஞ்சினைச் சுத்திட்டு வாய்க்கால்ல விழுந்துடும். அதைப் பார்த்துப் பழகினதாலதான், கார் கொதிச்சாலும் நாம தண்ணி ஊத்துறதோட நிறுத்திக்கிறோம்னு எனக்கொரு சந்தேகம் :-)

ஸ்பிரிங் வெச்ச அழுத்த மூடி அப்புறம் வந்தது. ஒரு பார் அழுத்தம் கூட்டினா, தண்ணி சுமார் 120 டிகிரியிலதான் கொதிக்கும். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்து 1957ல் வந்த அம்பாசிடருக்கும் இந்த மூடிதான் காவல். (2014ல் அந்த வண்டி நின்னே போச்சு.)

பெரியவர் மூடியோட விட்டுடலை. ஹோஸ் வெடிப்பு, பம்ப்புக்குக் கீழே ஈரம் எல்லாம் பார்த்தார். ஆறின எஞ்சினை மூடி இல்லாம ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டர் வாயில விடாம குமிழி வருதான்னு பார்த்தார். வந்தா ஹெட் கேஸ்கட் போச்சுன்னு அர்த்தம். வரலை. அப்பா முகத்துல அப்பதான் ரத்தமே ஓடிச்சு. இப்பல்லாம் மூடி இடத்துல கைப்பம்பு மாட்டிக் காத்தடிச்சு, முள் இறங்குதான்னு பார்த்துடறாங்க.

புது மூடி போட்டு அன்னிக்கே மன்னார்குடி போனோம், வடுவூர்ல நிக்காம. வீட்டுக்கு வந்து அப்பா பெருமையா பழைய மூடியைக் காட்டினார்.

"குக்கர் கேஸ்கட் மாத்தணும்னு நான் மூணு மாசமா சொல்றேனே?" என்றாள் அம்மா.