நெய்யாற்றுக் கொஞ்சும் ஒரு சுவரும்

சமண வியாபாரி கொஞ்சுக்கூட்டைப் பற்றி எழுதலாமா என்று வீட்டிலேயே கேட்டார்கள். நான் அந்தக் கூட்டைப் பார்த்ததே மிளகு வாங்கப் போன இடத்தில்தான்.

நெய்யாற்று அணைத்தேக்கத்தை ஒட்டிய மலையோர ஊர் அம்பூரி. இறாலுக்கு அந்தப் பக்கம் கொஞ்சு என்று பெயர். 1990களில் அங்கே ஓடைக்கரையில் ஒரு பெரியவர் மூங்கில் சீவலில் முடைந்த கூடு வைப்பார். வாய் அகலம், உள்ளே போகப் போகக் குறுகும். நுழைந்தது திரும்பாது. பழந்தமிழில் இதற்குப் 'பறி' என்று பேர். கொஞ்சு இரவில்தான் மேயும். அதனால் தேங்காய்ப் பிண்ணாக்கு போட்டு அந்தியில் வைத்து, விடியலில் எடுப்பார். அணைக்கு முன்னே கூடு கனக்கும் என்பார்.

ஒருநாள் நாலு கூட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கொஞ்சு. அடிவயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைக்கொத்து. "சினை இருக்குல்லா அண்ணாச்சி, இதையும் எடுத்தா அடுத்த வருசம் கூடு சும்மாதான் கெடக்கும்" என்று தண்ணீரிலேயே விட்டுவிட்டார். அன்று நான் மிளகுக்குப் பேரம் பேசவில்லை.

பிறகுதான் படித்தேன். ஆற்றுக்கொஞ்சில் பெரிய இனம் வளர்வது நல்ல தண்ணீரில். ஆனால் முட்டை பொரித்த குஞ்சு பிழைக்க உப்பு கலந்த நீர் வேண்டும். சினைக்கொஞ்சு கழிமுகத்துக்கு இறங்கும், குஞ்சு தேறியதும் கரையோரமாக ஆறு ஏறும். அகத்தியர் மலையில் பிறக்கும் நெய்யாற்றுக்கு அந்தக் கழிமுகம் பூவாறு. நடுவில் 1958 முதல் அணைச்சுவர். குஞ்சுக்கு உப்புநீர் வேண்டும் என்பதை மலேசியாவில் லிங் என்ற அறிஞர் கண்டறிந்ததோ 1961இல்! சுவர் எழுந்து மூன்று வருஷம் கழித்து. கட்டியவர்களை எப்படிக் குறை சொல்வது?

அணை முடியுமுன்பே, 1956 நவம்பர் 1இல், நெய்யாற்றின்கரை கேரளத்திலும் விளவங்கோடு சென்னை மாநிலத்திலும் ஆயின. இடதுகரைக் கால்வாய்த் தண்ணீர் 2004இல் நின்று, 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது நம்மவர் அறிந்ததே. அந்த வழக்கில் கொஞ்சுக்கு ஏது வக்கீல்!

அப்படியானால் சுவருக்கு மேலே அந்த ஒற்றைக் கொஞ்சு எப்படி வந்தது? அணைத்தேக்கங்களில் குஞ்சு வாங்கி விடும் வழக்கம் உண்டு. அப்படி வந்ததாகத்தான் இருக்கும். அதன் முட்டை பொரித்தும் பயனில்லை.

2003இல் பெரியவரிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அப்பம் அதைக் கொண்டுபோய் பூவாத்துல விட்டிருக்கணும், இல்லியா அண்ணாச்சி?" என்றார்.