திண்டுக்கல் பூட்டும் ஷாவெஷ் நகரமும்

திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளில் சாவியின் பல்லை அரத்தால் ராவி, துவாரத்தில் விட்டுத் திருப்பி, மறுபடி எடுத்து ராவுவார்கள். உள்ளே அடுக்கிய லீவர் தகடுகள் ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்துக்கு எழும்பினால்தான் பூட்டு வழிவிடும். 2019-இல் இந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பூட்டு என்பது நம் சொல். ஏர் பூட்டுவதும் வண்டி பூட்டுவதும் கதவைப் பூட்டுவதும் ஒரே வினைதான். சாவியோ அலமாரி, ஜன்னல், மேசையோடு போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. லத்தீனில் 'கிளாவிஸ்' என்றிருந்ததை இத்தாலியர் 'கியாவே' ஆக்கினார்கள். ஸ்பானியர் 'யாவே' ஆக்கினார்கள். போர்த்துக்கீசியரிடம் சொல்லின் தொடக்கத்தில் இருந்த 'கிள', 'பிள', 'ஃபிள' என்ற கூட்டொலிகள் பலவும் சகரமாகத் திரிந்தன. 'ஃபிளாம்மா' என்ற தீச்சுடர்கூட இப்படித்தான் 'சாமா' ஆனது.

போர்ச்சுகலின் வடக்கு எல்லையில், ஸ்பெயினை ஒட்டி, வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஒரு நகரம் உண்டு. பெயர் ஷாவெஷ். எழுத்தைப் பார்த்தால் 'சாவிகள்' என்றுதான் பொருள் வரும். ஆனால் ஊருக்கும் சாவிக்கும் பிறப்பில் தொடர்பில்லை. வெஸ்பாசியன் முதலான ஃபிளாவியப் பேரரசர்களின் பெயரால் ரோமானியர் அதை 'அக்வே ஃபிளாவியே', அதாவது ஃபிளாவியரின் நீரூற்றுகள் என்றழைத்தனர். முதற்சொல் உதிர்ந்தது, 'ஃபிளா' சகரமானது. ஒரே திரிபுவிதி இரு வேறு சொற்களை ஒரே உருவத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. சொல்லாராய்ச்சியில் ஒலியொற்றுமையை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இன்று லிஸ்பனில் சாவியை 'ஷாவ்' என்கிறார்கள். கப்பலேறி இங்கே வந்த 16-ஆம் நூற்றாண்டில் அந்த முதலொலி 'பச்சை'யில் நாம் சொல்லும் அழுத்தமான சகரமாக இருந்தது. நம் பேச்சில் அது பெரும்பாலும் மெலிந்துவிட்டாலும் எழுத்தில் சகரமாகவே நிற்கிறது. இந்திக்காரர் 'சாபி' என்பதில் அழுத்தம் இன்னும் குறையவில்லை. ஷாவெஷ் நகரம் இருக்கும் மலைநாட்டுக் கிராமத்து முதியவர்கள் வாயிலும் அந்தப் பழைய சகரம் கேட்கும். லிஸ்பன் கைவிட்டதை அவர்களும் நாமும் வைத்திருக்கிறோம். அதனாலேயே, 'திறவுகோல்' அழகான சொல்லாக இருந்தும், சாவியை அயற்சொல் என்று விரட்ட எனக்கு மனம் வருவதில்லை.

திண்டுக்கல்லைப் போர்த்துக்கீசியர் ஒருநாளும் ஆண்டதில்லை. 1619 முதல் 1658 வரை அவர்கள் நேரடியாக ஆண்டது யாழ்ப்பாணத்தை. அங்கே அலமாரி இருக்கிறது, மேசை இருக்கிறது. கதவைத் திறக்க மட்டும் இன்றுவரை 'திறப்பு'தான் கேட்கிறார்கள்.